தப்பு சொல்லும் சுற்று

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையில் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி யாரும் அதைப் புழங்கிக் கேட்டதில்லை. ஊருக்கு அவள் 'ஏன்னா'. வயதில் சின்னவர்களுக்கு 'ஏன்னாக்கா'. முப்பத்தெட்டு வயது. பால் சேகரிப்பு நிலையத்தில் பால் பரிசோதிக்கிறவள், ஒரு பெண்ணுக்குத் தாய், இரண்டு மாடுகளுக்குச் சொந்தக்காரி. இவ்வளவு இருக்க, ஒரு மனுஷிக்குப் போயும் போயும் 'ஏன்னா' என்றா பெயர் நிலைக்கும் என்று கேட்டால், அவளுடைய ஒன்பதாவது வயதுக்குத்தான் போக வேண்டும்.

ஊரில் அப்போது ஒரு சிறுவர் மன்றம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. விவசாயிகள் சங்கம் விதைக் கிடங்கின் பின்னறையை ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் கொடுக்கும். பெரியவர்கள் சாவியைப் பிள்ளைகள் கையில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பது என் எண்ணம். மன்றத்தில் பதினோரு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் உயிரைத் தன் பொறுப்பில் வளர்க்க வேண்டும். கன்றுக்குட்டி, ஆடு, நாலு கோழி, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பாத்தி அவரை. ஒரு பையன் தேனீப் பெட்டி வைத்திருந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

தலைமை தாங்கியது பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி. அவளைத் தலைவி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். கூட்டம் என்றால் கூட்டம்தான். போன வாரம் பேசியதை ஒருவன் எழுந்து வாசிப்பான். பேச விரும்புகிறவர் கை தூக்க வேண்டும். ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. பெரியவர்களின் கூட்டங்களில் நான் இன்றுவரை கண்டிராத அதிசயம் அது. யார் யார் என்ன தீனி போட்டார்கள், எந்தத் தேதியில் மருந்து கொடுத்தார்கள் என்று நோட்டில் நாள் தவறாமல் எழுதியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் தலைவி நாடாவை எடுத்துக்கொண்டு கன்றுகளின் மார்பளவைத் தானே அளப்பாள்.

இதெல்லாம் எந்த மன்றத்திலும் இருக்கக்கூடியதுதான். இந்த மன்றத்துக்கென்று தனியாக ஒன்று இருந்தது: தப்பு சொல்லும் சுற்று. மாதக் கடைசிக் கூட்டம் முடிவதற்கு முன் ஒவ்வொருவராக எழுந்து, அந்த மாதம் தான் செய்த தப்பு ஒன்றை மூன்றே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். என்ன செய்தேன். அதனால் என்ன ஆனது. இனி என்ன செய்யப் போகிறேன். அவ்வளவுதான். காரணம் சொல்லக் கூடாது. 'ஏன்னா' என்று ஆரம்பித்தால் போச்சு, முதலிலிருந்து சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லி முடித்தவரை யாரும் திட்டக் கூடாது, சிரிக்கவும் கூடாது. இந்தச் சட்டத்தை எந்தப் பெரியவரும் போடவில்லை. செத்துப்போன ஒரு கோழிக்கு எட்டுப் பேர் எட்டுக் காரணம் சொல்லி, கேட்டுக் கேட்டுத் தலைவலி வந்து, தலைவி போட்ட சட்டம்.

நம்முடைய ஒன்பது வயதுக்காரிக்கு ஒரு கன்றுக்குட்டி. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாளில் அது இரண்டு முறை அவள் சட்டையில் துப்பியது. மீதி மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, நோட்டில் 'கொடுத்தேன்' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தாள். மாதக் கடைசியில் தலைவி அளந்தபோது கன்று போன மாதத்தைவிட இளைத்திருந்தது. வயிறு மட்டும் பானையாக இருந்தது. தலைவி அவள் முகத்தைப் பார்த்தாள். சுற்று வந்தபோது இவள் எழுந்து நின்றாள்.

"மருந்தைக் கொட்டிட்டேன். ஏன்னா, கன்னுக்குட்டி..."

"முதல்லேருந்து," என்றாள் தலைவி.

"நான் மருந்தைக் கொட்டிட்டேன். ஏன்னா அது துப்பி..."

"முதல்லேருந்து."

அன்று அவள் பதினாலு முறை ஆரம்பித்தாள். தேனீக்காரன் கொட்டாவி விட்டான். யாரோ ஓட்டிக்கொண்டு வந்திருந்த ஆடு, பேச்சு முடியாத அலுப்பில், ஒரு நோட்டின் இரண்டு பக்கத்தைத் தின்றுவிட்டது. வெளியே வெயில் சுவரிலிருந்து இறங்கிப் போய்விட்டது. அழுதுகொண்டே அவள் கடைசியில் சொன்னாள்: "மருந்தைக் கொட்டிட்டு, கொடுத்தேன்னு பொய் எழுதினேன். கன்னு இளைச்சுப்போச்சு. நாளைக்குக் காலையில கொடுக்கப் போறேன்." தலைவி, "உக்காரு," என்றாள். மறுநாள் காலையில் கன்றின் வாயைப் பிடித்துக்கொள்ள இரண்டு பிள்ளைகள் கேட்காமலே வந்து நின்றார்கள். கன்று பிழைத்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சின்ன வயசுப் பழக்கம் வளர்ந்ததும் போய்விடும் என்பார்கள். இவளிடம் போகவில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் கோழிக்கூட்டைச் சாத்த மறந்துவிட்டாள். விடிந்ததும் நேராக மாமியாரிடம் போய், "கூட்டைச் சாத்தாம விட்டுட்டேன் அத்தை. ரெண்டு கோழியைக் காணோம். தேடப் போறேன்," என்றாள். மருமகள் ஏதாவது சாக்குச் சொல்லுவாள், பிடித்துக்கொள்ளலாம் என்று மாமியார் தயாராகத்தான் இருந்தார். பிடி கிடைக்கவில்லை. "சரி, அந்தப் பக்கம் நான் பார்க்கிறேன்," என்று அவரும் தேடக் கிளம்பிவிட்டார். ஒரு கோழி கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை வந்ததாகத் தகவல் இல்லை.

பால் நிலையத்து வேலையும் அப்படித்தான் கிடைத்தது. நூற்று அறுபது வீட்டுப் பால் வந்து ஒரே குளிர்தொட்டியில் விழுகிற இடம் அது. அங்கே இருக்கிறவள் தினமும் தவறாமல் எழுத வேண்டும், அளவைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது, நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். மன்றத்தில் இதைத்தானே செய்துகொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அவள் வைத்த அளவை யாரும் சந்தேகப்பட்டதில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

அவளுடைய இரண்டு மாடுகளில் ஒன்றுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை ஐந்து நாள் தொட்டியில் சேர்க்கக் கூடாது. கறந்து குழியில் கொட்ட வேண்டும். மருந்து கலந்த பால் தயிராக உறையாது. அதைவிட, பச்சைக் குழந்தைகள் வீட்டுக்குப் போகிற பால் அது. இரண்டு மாடும் ஒரே செவலை, ஒரே நெற்றிச் சுட்டி. அதனால் ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் ஒரு சிவப்பு நாடா கட்டி வைப்பது அவள் வழக்கம். கறப்பது கணவன். நாடா இருந்தால் தனி வாளி, நாடா இல்லையென்றால் கேன். அவன் நாளை எண்ணுவதில்லை, நாடாவைத்தான் பார்ப்பான்.

திங்கட்கிழமை மாலை நாடாவில் சாணி அப்பியிருந்தது. அவள் அதை அவிழ்த்து, சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் காயப்போட்டாள். திரும்பக் கட்டவில்லை. ஏன் மறந்தாள் என்று நான் சொல்லப் போவதில்லை. அவளே யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கணவன் இரண்டு மாட்டையும் ஒரே கேனில் கறந்தான். கேனைத் தூக்கும்போது, இன்று கனமாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி. நிலையத்தைத் திறந்ததும் அவள் தன் வீட்டுப் பாலைத்தான் முதலில் ஊற்றினாள். அதன் மேல் நூற்று அறுபது வீட்டுப் பால் விழுந்தது. எட்டு மணிக்கு நிலையத்தைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தவள், கை கழுவிவிட்டுத் துண்டை எடுக்கக் கொடிப் பக்கம் போனாள். துண்டுக்குப் பக்கத்தில் சிவப்பு நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நாடாவை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாள். தொழுவத்துக்கு ஓடிப் போய் மாட்டின் காலைப் பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொடியில் இருந்த நாடா காலில் எப்படி இருக்கும்? சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் எழுந்து வந்தான். அவள் கையில் நாடாவைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அஞ்சு நாள் முடிஞ்சுபோச்சுன்னுல்ல நினைச்சேன்," என்றான்.

"மூணு நாள்தாங்க ஆச்சு."

அவன் குனிந்து மாட்டின் காலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கறந்தது நான்தானே. நான் பார்க்காம கறந்துட்டேன்னு சொல்லிடுறேன். எனக்கென்ன, நாலு நாள் திட்டுவாங்க. உன் வேலை தப்பிக்கும்."

அவளுக்கு அழுகை வந்தது. இப்படிப்பட்ட மனுஷனிடம் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது. "சாப்பிட்டு முடிங்க. நான் போய்ட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பினாள்.

வழியெல்லாம் அவள் மனம் கணக்குப் போட்டது. ஊசி போட்ட மாட்டின் பால் எட்டு லிட்டர். தொட்டியில் ஆயிரத்து எண்ணூறு. டேங்கர் போய்ச் சேரும் பால் பண்ணையின் பரிசோதனையில் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தெரிந்தால் டேங்கர் லாரியில் இருக்கும் ஐந்து ஊர்ப் பாலும் வீண். தெரியாவிட்டால் அவள் வேலை பிழைக்கும், யாரோ ஒரு குழந்தை அதைக் குடிக்கும். பயமாக இருந்தது. அந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை இல்லை. அதைவிட, அவள் ஊற்றிய கையை நாளைக்கு ஊர் எப்படிப் பார்க்கும் என்று நினைத்தபோதுதான் கால் நின்றுபோனது. இரண்டு முறை நின்றாள். இரண்டு முறையும் திரும்ப நடந்தாள், நிலையத்தை நோக்கித்தான்.

டேங்கர் வந்துவிட்டது. ஓட்டுநர் குழாயை இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பால் சங்கத்துச் செயலாளர் கையெழுத்துப் போட நின்றார். செயலாளர் வேறு யாருமில்லை, அந்தப் பழைய தலைவிதான். நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது; கண்ணாடி வந்துவிட்டது; பட்டப்பெயர் மாறவில்லை.

"அக்கா, குழாயை மாட்ட வேணாம்னு சொல்லுங்க."

தலைவி அவள் முகத்தைப் பார்த்தாள். ஓட்டுநரை ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, அவளைத் தொட்டி அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஊசி போட்ட மாட்டுப் பாலைத் தொட்டியில ஊத்திட்டேன். மொத்தப் பாலும் கெட்டுப்போச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுக் கொட்டப் போறேன்."

தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"எத்தனை லிட்டர்?"

"எட்டு."

"எட்டு லிட்டர்." குரலைத் தாழ்த்தினாள். "ஆயிரத்து எண்ணூறுல எட்டு. இதெல்லாம் ஒரு விஷயமா? இங்க பாரு, நூத்தி அறுபது வீடு. ஏற்கெனவே பாதிப் பேர் மெயின் ரோட்டுத் தனியார் பால் வண்டியைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. இன்னிக்கு இதைக் கொட்டினா நாளைக்கு எல்லாரும் அங்க போயிடுவாங்க. நிலையத்தை இழுத்து மூட வேண்டியதுதான். நீ சொன்னது என் காதுல விழலை. வீட்டுக்குப் போ."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. சட்டத்தைப் போட்டவளே இப்படிச் சொல்கிறாளே என்று கோபம் வந்தது. அப்புறம், அந்த அம்மாள் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதையும் கவனித்தாள். அவளும் பயந்துதான் போயிருந்தாள். ஊர் முழுவதும் அவள் தலையில் அல்லவா இருக்கிறது.

"போகலாம்க்கா," என்றாள் இவள். "போயிட்டு, தினமும் காலையில இங்க வந்து நின்னு, அடுத்தவங்க பாலைச் சரியில்லைன்னு எப்படித் திருப்பி அனுப்புறது?"

கவிழ்த்து வைத்திருந்த ஒரு கேனில் தலைவி உட்கார்ந்தாள். வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"உனக்குப் போய் இந்தச் சனியனைச் சொல்லிக் கொடுத்தேன் பாரு," என்று முனகிக்கொண்டே எழுந்து, குழாயைச் சுருட்டச் சொல்ல வெளியே போனாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். நிலையத்து முற்றத்தில் தொண்ணூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். அவள் தொட்டி அறையின் படியில் ஏறி நின்று, அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் முற்றத்தில் கூச்சல் பிடித்துக்கொண்டது. யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை.

எல்லோரையும்விடச் சத்தம் போட்டவர் நாலுமாட்டுக்காரர். ஊரில் அதிகம் பால் ஊற்றுகிறவர், நல்ல தொண்டைக்காரர். "ஒரு துளி தண்ணி இருந்தா என் கேனைத் திருப்பி அனுப்புவியே, இப்ப உன் வீட்டுல இருந்தே மருந்து வருதா?" என்றார். "நாப்பது லிட்டர் ஊத்தியிருக்கேன் இன்னிக்கு. இந்தப் பொம்பளைகிட்ட இனிமே என் பாலைக் கொடுத்தா என்னை என்னன்னு கேளுங்க."

"அந்த நாடாவை எதுக்கு அவுத்தே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

முற்றமே அதற்குக் காது கொடுத்தது. ஒரு நல்ல காரணம் சொல்லியிருந்தால் பாதிப் பேர் இளகியிருப்பார்கள். கூட்டத்தின் கடைசியில் கணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்; அவன் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"அவுத்தேன். திருப்பிக் கட்டலை. அவ்வளவுதான்."

சங்கத்தார் தனியே பேசிவிட்டு வந்து சொன்னது இதுதான்: நாளைக் காலையிலும் நிலையத்தை அவளே திறக்கட்டும். ஊர் அவள் கையில் பால் கொடுக்க வந்தால் அவள் இருப்பாள். வராவிட்டால் அவளும் இல்லை, இந்த நிலையமும் இல்லை.

தொட்டியின் அடைப்பை அவளே திறந்தாள். ஆயிரத்து எண்ணூறு லிட்டர் வெள்ளை வெளேரென்று வாய்க்காலில் ஓடி, பின்பக்கத்துக் குழியில் விழுந்தது. முடிய முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு மாடு வைத்திருக்கிற பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊர் திட்டியதைவிட அதுதான் இவளுக்கு வலித்தது.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதினோரு வயது, அதே மன்றத்தில் ஓர் ஆட்டுக்குட்டிக்குப் பொறுப்பாளி. பையை இறக்கி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை சொன்னேம்மா?"

"ஒரே தடவைதான்."

மகள் நம்பமுடியாமல் பார்த்தாள். "நான் போன மாசம் ஆறு தடவை," என்றாள்.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு நிலையத்தைத் திறந்தாள். அளவுக் கருவியைக் கழுவினாள், தராசைத் துடைத்தாள், பதிவேட்டில் தேதி போட்டாள். யாரும் வரவில்லை. மெயின் ரோட்டுப் பக்கம் பால் வண்டியின் மணி கேட்டது. ஆறு மணிக்குள் தராசை மூன்று முறை துடைத்துவிட்டாள். இன்னும் கால் மணி பார்ப்போம், பூட்டிச் சாவியைத் தலைவியிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தபோது கேன் உரசும் சத்தம் கேட்டது.

நாலுமாட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிற மாதிரி, இருபது இருபத்தைந்து பேர். ஆளுக்கொரு கேன், வாளி, தூக்கு. அவர் தராசுக்கு முன்னால் வந்து கேனைத் தரையில் வைத்தார். தூக்கித் தராசில் வைக்கவில்லை.

"இதை ஊத்த வேணாம்மா."

நேற்றுப் போதாமல் இன்றும் அவமானப்படுத்த வந்திருக்கிறார் என்று நினைத்தாள். "ஊத்த வேணாம்னா எதுக்குண்ணே சுமந்துக்கிட்டு வந்தீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. கேனின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முற்றமே அதிரப் பேசுகிற மனுஷனுக்குக் குரல் வெளியே வரவில்லை.

"என் மூணாவது மாட்டுக்கும் ஊசி போட்டிருக்கு. சனிக்கிழமை போட்டது. மூணு நாளா ஊத்திக்கிட்டுதான் இருந்தேன்."

நேற்றும் ஊற்றியிருக்கிறார். அவள் எட்டு லிட்டர் சேர்க்காவிட்டாலும் அந்தப் பால் கெட்ட பால்தான். அது தெரிந்துகொண்டே படியில் அவளை நிறுத்தி வைத்து அப்படிப் பேசியிருக்கிறார். அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு 'ஏன்னா'கூட இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை நாள் இருக்குண்ணே?"

"ரெண்டு நாள்."

"சரி. அந்த மாட்டுப் பாலைத் தனியாக் கறங்க. மத்த மூணையும் நாளைக்குக் கொண்டாங்க. இதை அந்த ஓரமா வைங்க."

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனார். வரிசையில் சிலர் தங்கள் கேனைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவள் பதிவேட்டில் அடுத்த வரிக்கு வந்து, அடுத்தவருடைய கேனுக்காகக் கையை நீட்டினாள். அடுத்து நின்றவர் கொடுக்கவில்லை. கேனை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, "எங்க மாட்டுக்கும் ஊசி போட்டிருக்கும்மா," என்று முனகிவிட்டு வரிசையை விட்டு விலகி வீட்டுப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி. கொஞ்சம் தள்ளி இன்னொருவர். மற்றவர்கள் வழி விட்டு நின்றார்கள். போகிறவர்கள் யார் யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை; நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்தவர் வரட்டும் என்று காத்திருந்தாள்.